ஒரே நடையில் குடி போனோம்

எங்கள் தோட்டத்தில் எங்களையும் சேர்த்து ஏழு குடும்பங்களுக்கு, வரிசை அறைகளான லயத்தை விட்டுத் தனி வீடு கிடைத்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஏழு குடும்பமும் தனித்தனியாகப் போய் ஒரே கோயில் ஐயரிடம் நாள் பார்த்ததில்தான் வினை ஆரம்பித்தது. நல்ல நேரத்துக்குப் பஞ்சமான மாதம் அது. ஐயர் ஏழு பேருக்கும் ஒரே நாளில் ஒரே நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டு மஸ்கெலியா பஸ் ஏறிப் போய்விட்டார். ராகு காலம் பிறப்பதற்குள் புது வீட்டில் பால் பொங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

தோட்டத்தில் இருந்ததோ ஒரே ட்ரெக்டர். கொழுந்து மூட்டைகளைப் பின்னால் மாட்டிய பெட்டியில் ஏற்றிப் பெக்டரிக்கு இழுத்துப் போகும் அந்த ட்ரெக்டரை ஓட்டியவர் என் அப்பா. துரை பெரிய மனது பண்ணி அரை நாளைக்கு அதைத் தந்திருந்தார். மூன்று நடையில் எல்லாச் சாமானையும் ஏற்றிவிடலாம் என்று அப்பா திட்டம் போட்டார். திட்டம் சரிதான், இரண்டாவது நடையில் வர ஒரு குடும்பமும் சம்மதிக்கவில்லை.

“அப்ப எங்கள ராகு காலத்துல குடி போகச் சொல்றீங்களா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். மற்றவர்களுக்கும் அதே கேள்விதான், அவர் முதலில் கேட்டுவிட்டார்.

அப்பா ட்ரெக்டரை விட்டு இறங்கினார். பெட்டியின் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். முந்தின நாள் முழுக்க மழை பெய்திருந்தது. புது வீடுகளுக்குப் போகும் பாதையோ அப்போதுதான் மலையை வெட்டிப் போட்ட செம்மண் பாதை. கடைசியில், ஏற்றுங்கள் என்று கையைக் காட்டினார்.

ஏற்றினார்கள். அலுமாரிகள் ஏறின. கட்டில்கள் தலைகீழாக ஏறின. அம்மிகள், ஆட்டுக்கல், கேஸ் சிலிண்டர், குரோட்டன்ஸ் தொட்டி, இரண்டு டிவி, ஒரு கூடைக் கோழி எல்லாம் ஏறின. ஒவ்வொருவரும் கடைசியாக ஒரு சாமானைக் கொண்டுவந்து, இது சின்னதுதானே, இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சொல்லிச் செருகினார்கள். மெத்தைகளை மேலே போட்டு, அவை பறக்காமல் இருக்க அவற்றின்மேல் எங்களைப் போட்டார்கள். நாங்கள் குழந்தைகள் ஆறு பேர். எங்களை யாரும் பாரம் என்று கணக்கில் சேர்க்கவில்லை.

அப்போதுதான் மாமா மெஷினோடு வந்து சேர்ந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தேயிலைச் செடியைக் கிளையோடு வெட்டிவிடும் கவ்வாத்து வேலை அவருக்கு; அந்தக் கத்தி எப்போதும் இடுப்பில் இருக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்க் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குவின் முன்னால் நிற்பது அவருக்கு வேப்பங்காய். அட்டனில் பூட்டிக் கிடந்த ஒரு கடையிலிருந்து மா அரைக்கிற மெஷின் ஒன்றை எப்படியோ வாங்கிவிட்டார். வார்ப்பிரும்பு. நாலு பேர் சேர்ந்தால் நகரும், தூக்க முடியாது. புது வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மில் தொடங்கப் போகிறார், இனிப் பெரட்டுக்கு வரமாட்டார் என்று கண்டாக்குவிடமே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுத்தான். எங்களுக்கெல்லாம் அவர் மில் முதலாளி.

மெஷினுக்குத் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கோயிலைச் சுற்றிக் கொண்டுவந்ததில் நேரமாகிவிட்டது. பாரமான சாமானை முதலில் ஏற்றி நடுவில், சக்கரத்துக்கு நேரே வைக்க வேண்டும். அப்பா அதை முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது நடுவில் ஏழு குடும்பம் இருந்தது.

“எல்லாத்தையும் எறக்குங்க. இல்லாட்டி மெஷின் நாளைக்கு வரட்டும்” என்றார் அப்பா.

எதை இறக்கினாலும் நல்ல நேரம் போய்விடும். நாளைக்கு வந்தால் தம்பியின் தொழில் விளங்காது. இரண்டாவதை அம்மா வாயால் சொல்லவில்லை. சும்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மறுபடி வானத்தைப் பார்த்தார். சாய்த்த பலகைமேல் தள்ளித் தள்ளி மெஷின் பெட்டியின் வாலில் ஏறியது. பின்கதவைச் சாத்த முடியாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நைலான் கயிற்றால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு, பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி மாமாவும் அதோடு ஏறிக்கொண்டார்.

ட்ரெக்டர் கிளம்பியதுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வாலில் இருந்த பாரம் பெட்டியின் மூக்கைத் தூக்கியது. பெட்டியின் மூக்கு ட்ரெக்டரின் பின்பக்கத்தைத் தூக்கியது. பெரிய சக்கரங்கள் மண்ணில் அழுந்தாமல் சும்மா சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. முன்பக்கம் பாரம் வேண்டும். அங்கே வைக்கச் சாமான் வேறு இல்லை. இருந்தவர் என் பெரியம்மா.

பெரியம்மா நல்ல தாட்டியான மனுஷி. அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எவரும் எப்போதும் பேசியதில்லை. பெட்டிக்குப் பின்னால் கையில் சாமி படத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தார்.

“மதினி, நீங்க முன்னால ஏறி ஒக்காருங்க” என்றார் அப்பா.

“எதுக்கு தம்பி? நான் நடந்தே வாறேன்.”

“முன்னால காத்து நல்லா வரும்.”

பெரியம்மா கொஞ்ச நேரம் அப்பாவை உற்றுப் பார்த்தார். காத்து விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தை ஒரு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு, சாமி படத்தோடு ஏறி முன்பலகையில் அழுந்த உட்கார்ந்தார். ட்ரெக்டர் சொன்ன பேச்சுக் கேட்டுப் புறப்பட்டது. இரண்டு வளைவு வரைக்கும் எங்களை மலையேற்றியது பெரியம்மாதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

மூன்றாவது வளைவில் பெரியம்மாவும் போதவில்லை. ஏற்றம் அங்கே செங்குத்து. ட்ரெக்டர் உறுமியது, நின்றது, பிறகு மெதுவாகப் பின்னால் வரத் தொடங்கியது. அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். நடந்து வந்த ஆட்கள் சக்கரத்துக்குக் கல் போட்டார்கள். கல்லும் சேற்றில் எங்களோடு சேர்ந்து வழுக்கியது. பெட்டியின் வால் பாதை ஓரத்துக்குத் திரும்பியது. ஓரத்துக்குக் கீழே தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே ஆறு. மேலே மெத்தையில் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

“மாப்ள, மேல புள்ளைங்க இருக்காங்க.”

அப்பா எங்களை ஏன் மாமாவுக்கு அறிமுகம் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்குத் தெரியட்டும் என்று திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த நொடி பின்னால் ஒரு பெரிய சத்தம். தூக்கியிருந்த பெட்டியின் மூக்கு தொப்பென்று இறங்கியது. பெரியம்மா சாமி படத்தோடு ஒரு தடவை எம்பி உட்கார்ந்தார். சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. ட்ரெக்டர் விட்ட இடத்திலிருந்து மலையேறியது. மாமாதான் இறங்கித் தள்ளியிருக்கிறார் என்று நினைத்து நாங்கள் கை தட்டினோம்.

திரும்பிப் பார்த்தபோது மெஷின் மாலையும் கழுத்துமாகத் தேயிலைக்குள் உருண்டு போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, மூன்று துண்டாகப் பிரிந்து கிடந்தது. மாமா பாதை ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த கண்டாக்கு மெஷினைப் பார்க்கவில்லை, நசுங்கிய தேயிலை மரத்தைப் பார்த்தார். “இப்பதான்டா கவ்வாத்து முடிஞ்சு தளிர் வந்துச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மலைத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டியதும் மாமாதான். பிறகு கண்டாக்கு மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு. சாஞ்ச மரத்தையெல்லாம் நீயே நிமித்தி வையி” என்றார்.

“சரிங்க ஐயா” என்றார் மாமா.

ஏழு வீட்டிலும் நல்ல நேரத்துக்குள் பால் பொங்கியது. ஐயர் குறித்த நேரம் லேசுப்பட்டதல்ல என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பெரியம்மாவின் கோபம் மதியத்துக்குள் பெருமையாக மாறிவிட்டது. “நான் முன்னால ஒக்காரலேன்னா ஒங்க கதி என்ன?” என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்தார். அப்பா மறுக்கவில்லை.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. மில் முதலாளியின் மருமகள் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கனவே அறிவித்தாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து பால்சோறு சாப்பிடும்போது மாமாவிடம் நேராகக் கேட்டேன்.

“ஏன் மாமா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிருக்கக் கூடாதா?”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மாமா மட்டும் சிரித்தார்.

“கை வழுக்கிருச்சு பாப்பா.”

நான் நம்பினேன். மாமாவுக்குக் கையில் பலம் போதாது, அதனால்தான் மில் போயிற்று என்று பள்ளிக்கூடத்தில் திருத்திச் சொன்னேன். மாமா மறுநாள் பெரட்டுக்குப் போனார். அதற்குப் பிறகும் போய்க்கொண்டேதான் இருந்தார். அந்த நைலான் கயிற்றை அப்பா வாசலில் கொடியாகக் கட்டினார். தினமும் என் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்து அதில் காயப்போட்டேன். இழுத்து அறுந்த கயிறாக இருந்தால் நுனி நார் நாராகப் பிரிந்திருக்கும். அந்தக் கயிற்றின் நுனி, கவ்வாத்துக் கத்தியால் ஒரே வெட்டில் வெட்டிய தேயிலைக் கொம்பு போல வழவழவென்று இருந்தது. எட்டு வயதுக்கு அது வெறும் கயிறாகத்தான் தெரிந்தது.