காதில்லாத முயல்

எங்கள் வீட்டு முயலுக்குக் காது கிடையாது. தம்பி அதைத் தவளை என்கிறான். நான் திருத்துவதில்லை. காதைப் பிய்த்தவளே நான்தான்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து, பாடமெல்லாம் அப்பாவின் செல்போனில் நடந்த வருஷம் அது. நான் ஆறாம் வகுப்பு. கணக்கு டீச்சர் பேசப் பேச, சத்தத்தைக் குறைத்துவிட்டு, கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷா பொம்மை வீடியோ பார்க்கிற அளவுக்குத் தேறியிருந்தேன். அம்மாவுக்கு எட்டு மாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு என் கையால் ஒரு முயல் என்று முடிவு செய்துவிட்டேன். மஞ்சள் உல்லன் நூலும் குரோஷா ஊசியுமாக ஒன்பது நாள் மல்லுக்கட்டினேன். முதல் வளையம் வரவே மூன்று நாள் ஆனது. தலை உடம்பைவிடப் பெருத்துவிட்டது. பழைய தலையணைப் பஞ்சை அடைத்து, வீடியோவில் சொன்னபடி நூல் முனையை வெளியே தெரியாமல் உள்ளே செருகி மறைத்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

காது மட்டும் பாக்கி இருந்தபோது அத்தை பார்த்துவிட்டார். அப்பாவின் அக்கா. பிள்ளைகுட்டி இல்லாதவர், பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தார். எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும்வரை அதற்கென்று ஒரு துணிகூட வாங்க மாட்டார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"பொறக்கறதுக்கு முன்னால அதுக்குன்னு எதுவும் செய்யக் கூடாது சாமி. எடுத்து வெச்சிரு" என்றார்.

ஏன் என்று கேட்டேன். ஆகாது என்றார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே வீம்புக்கு இரண்டு காதையும் பின்னித் தைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையில் ரத்தம். அப்பா வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஓடி வந்து, ஆம்புலன்ஸில் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு ஆளைத்தான் விடுவார்களாம். நானும் அத்தையும் வீட்டில் இருந்தோம். அத்தையின் பட்டன் போன், சிக்னல் கிடைக்கிற ஜன்னலில் கிடந்தது. பத்து மணிக்கு அப்பா ஒருமுறை பேசினார். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அதன்பிறகு போன் அடிக்கவே இல்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். காது வைத்ததால்தான் இப்படி ஆனது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. செய்ததைப் பிரித்துவிட்டால் அம்மா பிழைத்துக்கொள்வாள் என்றும் தோன்றியது. உள்ரூமுக்குப் போய்க் காதிரண்டையும் பிய்த்து நூலாக உருவிப் போட்டேன். தலைக்கு வந்தபோது முனை அகப்படவில்லை. எங்கே செருகித் தொலைத்தேன்? நகத்தால் நோண்டினேன், பல்லால் கடித்தேன். வாயெல்லாம் மஞ்சள் பிசிறு. ஆபரேஷன் முடிவதற்குள் பிரித்தாக வேண்டும். அழுதுகொண்டே அத்தையிடம் ஓடினேன்.

"கத்திரி குடுங்க அத்தை, சீக்கிரம். இதைப் பிரிக்கோணும்."

அத்தை கத்திரியை எடுக்கவில்லை. முயலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாஞ்சாமி. நானும் ஒருக்கா சின்னதா ஒரு சட்டை தெச்சேன். அப்பறம் பயந்துட்டுப் பிரிச்சுப் போட்டேன். பிரிச்சும் ஒரு பலனும் இல்லாமப் போச்சு."

அத்தைக்கும் தையல் வராது போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு மேல் போன் அடித்தது. பையன். எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அம்மா கண் விழித்துவிட்டாள். நான் வீடு முழுக்கக் குதித்தேன். காதைப் பிரித்ததால்தான் இருவரும் பிழைத்தார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த பிறகும் அத்தை முயலை இறக்கவில்லை. காதிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே அழுதார். சந்தோஷ அழுகை என்று நினைத்து, அவரைச் சிரிக்க வைக்கலாமே என்று கேலியாகக் கேட்டேன்.

"அந்தச் சட்டை உங்களுக்குப் பத்தாமப் போச்சுங்களா அத்தை?"

"போட்டுப் பாக்கவே இல்ல சாமி" என்றார்.

யாருக்குத் தைத்த சட்டை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.