எலுமிச்சம்பழம் வைத்த எர்த் குழி

எங்கள் வீட்டு நடுக்கூடத்திலிருந்து கொல்லைவரை போகும் ஒரு சுவர் உண்டு. என் கணவரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுப்பிய சுவர். அந்தப் பக்கம் அண்ணனும் அவர் மனைவியும், இந்தப் பக்கம் நாங்கள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சுவார்த்தை நின்ற பிறகு மனதுக்குள் திட்டும்போதும் அக்கா என்றே திட்டினேன். கொங்கு நாட்டில் மரியாதைக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை.

சண்டைக்குக் காரணம் அக்கா வீட்டுக் குளியலறைத் தண்ணீர். அது கொல்லையில் சுவரோரமாக எங்கள் பக்கம் வந்து தேங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளகோவில் வட்டாரத்தில் தண்ணீர் இல்லையென்று சண்டை போடாத குடும்பம் கிடையாது. தண்ணீர் அதிகம் என்று சண்டை போட்டது நாங்கள் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் ஊருக்குக் கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் டிஷ், முன்னறையில் ரிசீவரும் ஆம்பிளிஃபயரும். மத்தியானம் எந்தப் படம் போடுவது என்பதை முடிவு செய்வது நான். ஊருக்குப் போகும் மெயின் வயர் அண்ணன் பக்கத்துத் தென்னைமரங்களில் கட்டித்தான் போனது. பேச்சு நின்றபோதும் அவர் அதை அறுக்கவில்லை. நாங்களும் அவர்களுக்குப் போன இணைப்பைப் பிடுங்கவில்லை. சண்டை வேறு, சீரியல் வேறு என்பதில் இரண்டு பக்கமும் ஒரே கருத்துதான்.

ஓர் ஐப்பசியில் இடி ஒன்று இறங்கி ரிசீவர், ஆம்பிளிஃபயர் எல்லாவற்றையும் கருக்கிவிட்டது. என் கழுத்துச் சங்கிலி போய்த்தான் புதுச் சாமான்கள் வந்தன. இன்னொரு தடவை இப்படி ஆனால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்றார் என் கணவர். நான் போக மாட்டேன் என்றேன். ஆனால் கழுத்தில் விற்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது கோயமுத்தூரில் சாமான் வாங்கும் கடையில் யாரோ அவரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் இடியை மண்ணில் இறக்கும் எர்த் போடாமல் தொழில் நடத்துகிறாயா என்று. பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவர் கையில் ஒரு செப்புத் தகடு இருந்தது. கல் உப்பும் அடுப்புக்கரியும் மூட்டையாக வந்தன. தகட்டை உப்போடும் கரியோடும் புதைக்கும் குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டுமாம். எங்கள் காட்டு மண்ணில் ஈரத்துக்கு எங்கே போவது? அக்கா வீட்டுக் குளியல் தண்ணீர் தேங்கும் அந்த இடம்தான். எந்தத் தண்ணீருக்காகச் சண்டை போட்டோமோ அதன் மேலேயே எங்கள் பிழைப்பு வந்து உட்கார்ந்தது.

வசூலுக்குப் போகாத நாள் என்று அமாவாசையைத் தேர்ந்தெடுத்தார். குழி வெட்டும் முன் கற்பூரம் காட்டினார். பிறகு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிக் குழிக்குள் போட்டார். கரண்டு வேலைக்கு எதற்கு எலுமிச்சம்பழம் என்று கேட்டேன். "புது வேல அம்மணி, சும்மா ஆரம்பிக்கக் கூடாது" என்றார். பம்புசெட் ஆனாலும் சரி, பைக் ஆனாலும் சரி, எலுமிச்சம்பழம் நசுங்காமல் எங்கள் ஊரில் எதுவும் ஓடாது. அதனால் நானும் விட்டுவிட்டேன்.

தன் பக்க மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அமாவாசை. தன் சுவரோரம் குழி. செப்புத் தகடு, உப்பு, கரி, குங்குமம் தடவிய எலுமிச்சை. நியாயமாகச் சொல்கிறேன், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே கல்லை எடுத்து எறிந்திருப்பேன். அவர் எறியவில்லை. பங்காளி வீட்டில் செய்வினைத் தகடு புதைத்துவிட்டார்கள் என்று தெருவில் மட்டும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் எங்கள் சந்தாதாரர்கள் என்னைக் கண்டால் எதிர்வரிசைக்குப் போக ஆரம்பித்தார்கள். அக்கா செய்வினை எடுக்கும் யாரோ கோடங்கியிடம் போய்விட்டு வந்ததாகவும் கேள்விப்பட்டேன்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வாரமே அக்கா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டே சீரியல் பார்த்திருக்கிறார். அதற்கென்றே டிவியைக் கிரைண்டர் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார். படம் கோடு கோடாக வர, ஒரு கை கிரைண்டரில் இருக்க, மாவு வழிந்த மற்றக் கையால் டிவிக்குப் பின்னால் இருந்த கேபிள் முனையைத் திருகியிருக்கிறார். தூக்கி எறிந்துவிட்டது. அலறல் சுவரைத் தாண்டி வந்தது. எழுந்து ஓடினேன், வாசல்வரை போனேன், அதற்கு மேல் கால் நகரவில்லை. பாவி, செத்துகித்துப் போய்விடாதே என்று வேண்டிக்கொண்டே நின்றேன். நல்லவேளை, கை மரத்துப்போனதோடு தப்பித்தார்.

அண்ணன் அரிவாளோடு தென்னைமரத்தடிக்கு வந்தார். கோபத்திலும் மரியாதை 'ங்க' குறையவில்லை. தம்பிக்கு நேரடியாகச் சொல்லாமல் எனக்குச் சொன்னார். "அம்மணி, நாளைக்குள்ள அந்தத் தகட்ட எடுத்துப்போடச் சொல்லுங்க. இல்லீனா ஊருக்குப் போற வயரு மொத்தமும் இங்க அறுந்து கெடக்குமுங்க."

எடுத்தால் இடி. எடுக்காவிட்டால் அரிவாள். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த தெருவிலிருந்த ரிட்டயர்டான மின்சார இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்துவிட்டேன். அவரும் எங்கள் சந்தாதாரர்தான். செய்தி நேரத்தில் படம் ஆடினால் வாசலில் வந்து நின்றுகொண்டு விதிமுறை பேசுவார். அன்றைக்குத்தான் அவர் விதிமுறையைக் காது கொடுத்துக் கேட்க ஆள் கிடைத்தது. இரண்டு வீட்டிலும் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, மீட்டரை வைத்து இரண்டு பக்கமும் அளந்தார்.

அவர் சொன்னது இதுதான். வீட்டுக் கரண்டுக்கான எர்த் குழி மாமனார் காலத்தில் போட்டது. பாகத்தில் அது அண்ணன் பக்கம் போனது. யாரும் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்து கிடக்கிறது. கிரைண்டரில் கசியும் கரண்டு மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் அதன் உடம்பிலேயே நிற்கிறது. கேபிளின் எர்த்தோ எங்கள் ஈரக் குழியில் ஜோராக இறங்குகிறது. இதில் ஒரு கையும் அதில் ஒரு கையும் வைத்தால், கரண்டு ஆளுக்குள் புகுந்து மண்ணுக்குப் போகும். இடி இறங்கினாலும் இதே கதைதான். இந்த எர்த்திலிருந்து அந்த எர்த்துக்குத் தாவும்போது நடுவில் இருக்கும் ஆம்பிளிஃபயரை எரித்துவிட்டுத்தான் போகும்.

ஆக, அக்கா சொன்னது ஒருவகையில் உண்மை. நாங்கள் புதைத்த தகடுதான் அவரைத் தூக்கி எறிந்திருக்கிறது.

"ஒரு கட்டடத்துல ரெண்டு எர்த் தனித்தனியா நிக்கக் கூடாதுங்க. கேபிள் எர்த்தையும் கரண்டு எர்த்தையும் தடிச்ச செம்புக் கம்பி போட்டு ஒண்ணாக் கட்டோணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இது ஒரு கட்டடம் இல்லை, இரண்டு வீடு, பத்திரமே இருக்கிறது என்றார் அண்ணன்.

"பத்திரத்தையெல்லாம் கரண்டு படிக்காதுங்க."

ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்றுதான் சுவர் வைத்தோம், அதில் ஓட்டை போடுவதாவது என்று அண்ணன் முறுக்கிக்கொண்டார். அப்படியானால் அவர் வீட்டுக் கேபிளைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்றார் இன்ஸ்பெக்டர். அதுவரை மரத்துப்போன கையைத் தேய்த்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா வாயைத் திறந்தார். "ஓட்டையப் போடச் சொல்லுங்க." அண்ணன் அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கிரைண்டர் பழுது பார்க்கப் போனது. சுவர் அடியில் ஓட்டை போட்டார்கள். கம்பி போவதற்காக அண்ணன் பக்கம் சுவரோரத்தில் மண்ணைக் கிளறியபோது கடப்பாரையில் ஏதோ தட்டுப்பட்டது. சிவப்புத் துணி. அதற்குள் சுருட்டிய செப்புத் தகடு, அழுகிய எலுமிச்சம்பழம். கோடங்கி கொடுத்த எதிர்த்தகடு. அக்கா கழுத்துவரை சிவந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, எனக்கு எதிராகவா என்று. இன்ஸ்பெக்டர் மட்டும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செம்பு நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆழம் பத்தாதுங்களே" என்றார்.

நான்தான் முதலில் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. விருட்டென்று உள்ளே போய்விட்டார். ஆனால் அந்தத் தகடு பிறகு மாமனார் காலத்துப் பழைய குழிக்குள்ளேயே, சரியான ஆழத்தில், புது உப்போடும் கரியோடும் போனது. வீணாக்குவானேன் என்று அண்ணனே எடுத்துக் கொடுத்தார்.

ஐப்பசியில் ஒரு மாலை வானம் கிழிகிற மாதிரி இடித்தது. மாடிக்கு மேல் வெளிச்சம் பாய்ந்தது, கரண்டு போய்விட்டது. முன்னறையில் தீய்ந்த வாடை வருகிறதா என்று நான் ஆம்பிளிஃபயரை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. குழியையும் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனபோது காலடியில் ஒரு குரல் கேட்டது. கம்பி போன ஓட்டையைக் கொத்தனார் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தார். பூசிவிடும்படி சொல்லியும் இரண்டு வீட்டிலும் யாரும் சிமெண்ட் வாங்கவில்லை.

"அம்மணி, உங்க மிசினெல்லாம் நல்லாருக்குதா?"

பேச்சு நின்ற பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து ஓட்டைக்கு வாயைக் கொடுத்தேன்.

"இருக்குதுங்கக்கா. உங்க டிவி?"

"அது கெடக்குது. குழிக்கு இனித் தண்ணி பத்தாதுன்னா சொல்லு. நானு இன்னொரு தரம் குளிச்சுப்போடறேன்."