இரண்டாவது தட்டு

எங்கள் அண்ணன் லிஃப்ட்காரர். ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்தவர். "எங்க அண்ணன் பெரிய இடம், தினம் ஏழாவது மாடிக்குப் போறார்" என்று கிண்டல் செய்வேன். "போறது என்ன பெருசு, திரும்பி வந்துடறேன் பாரு, அதைச் சொல்லு" என்பார்.

அண்ணி போன பிறகு நான் அவரோடு வந்து தங்கினேன். என் வீட்டுக்காரர் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குச் சலவைக் கடையில் பில் போடும் வேலை. வாய் கொஞ்சம் நீளம், அதை நானே சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு ஒரே மகள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். கல்யாணமாகி, ரயிலில் அரை நாள் தூரத்தில் இருந்தாள். மாதம் தவறாமல் அப்பாவைப் பார்க்க வருவாள். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த வம்பெல்லாம் இதை வைத்துத்தான்.

ஒரு நாள் அந்த லிஃப்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி ஏறினாள். ஏறியவள் இறங்கவே இல்லை. இலக்கிய இதழியல் என்று ஒரு படிப்புப் படிக்கிறாளாம். சாதாரண மனிதர் ஒருவரோடு மாதக்கணக்கில் கூடவே இருந்து, பார்த்ததையும் கேட்டதையும் கதை போல எழுத வேண்டும். ஆனால் கதை போலத்தான். ஒரு வரிகூடக் கற்பனை இருக்கக் கூடாது.

"அடுத்த வீட்டுல என்ன நடக்குதுன்னு பார்க்கிறதுக்கு ஒரு படிப்பா? எங்க தெருவே அதை ஓசியில பண்ணுதே" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பேனா என்று பெயர் வைத்துவிட்டேன்.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு தடவை குலுங்கும். அதற்கு முன்னாலேயே அண்ணனின் கை கம்பியைப் பிடித்துவிடும். அதைக் கவனித்தாள். பதில் சொல்லாத மேனேஜருக்கும் அவர் தினம் வணக்கம் வைப்பதைக் கவனித்தாள். நான் இத்தனை வருஷம் கூட இருந்தும் பார்க்காதது அதெல்லாம். அண்ணி இறந்த நாளைப் பற்றிக் கேட்டபோதுகூட, வெயிலா மழையா, நீங்க எங்கே நின்னுட்டு இருந்தீங்க, முதல்ல யார் பேசினாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணன் அழுதுகொண்டே சொன்னார். அந்த மனுஷனிடம் எத்தனையாவது மாடி என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் பேசியதில்லை. உருகிப்போகாமல் என்ன செய்வார்?

வீட்டுக்கும் வர ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் குட்டி வருவதாக இருந்தது. அண்ணன் மத்தியானமே விடுப்புப் போட்டுவிட்டு வந்து, மேஜையில் இரண்டு தட்டு வைத்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று குட்டி சின்ன வயதில் கீழே போட்டு விளிம்பு நசுங்கிய தட்டு. அதில் சாப்பிட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். அன்றைக்குப் பேய் மழை. ரயில் ஓடவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று குட்டி போன் செய்தாள். அண்ணன் அந்தத் தட்டை எடுத்து வைக்க மறந்து, அதற்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுப்படி வாசலில் நின்று பேனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது அவ்வளவுதான். அடுத்த வாரம் குட்டி வந்தாள், சாப்பிட்டாள், தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கட்டுரை பத்திரிகையில் வந்தது. கடைசிக் காட்சியில், வராத மகளுக்காக லிஃப்ட்காரர் தினமும் ஒரு தட்டு வைக்கிறார், சாப்பிட்டு முடித்ததும் அதையும் சேர்த்துக் கழுவுகிறார். படித்துவிட்டு நானே தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடித்த பிறகுதான் கோபம் தலைக்கேறியது.

"இது என்ன அநியாயம்! குட்டி மாசாமாசம் வர்றாளே, அது எங்க போச்சு?" என்று கத்தினேன்.

"நல்லாத்தானே எழுதியிருக்கு" என்றார் அண்ணன். முகமெல்லாம் வெளிச்சம் அவருக்கு, அச்சில் தன்னைப் பார்த்ததில்.

குட்டி வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரும் அதைப் படித்திருந்தார்கள். பெற்ற அப்பாவை இப்படித் தவிக்க விடுவாயா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்களாம். அவள் நேரே கல்லூரிக்குப் போன் போட்டு, அது பச்சைப் பொய் என்று சொல்லிவிட்டாள். அங்கே ஒரு பேராசிரியர், இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். நடக்காத ஒன்றை எழுதியிருந்தால் மொத்தக் கட்டுரையும் செல்லாது, பட்டமும் கிடையாது. உங்கள் அப்பாவிடமே கேட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பேனா அன்றைக்கு ஓடி வந்தாள். லிஃப்ட் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற அத்தனை பேரும் பார்க்க அழுதாளாம். "முடிவு மனசுல நிக்கணும்னு பார்த்தேன் அங்கிள். ஒரு நாள் பார்த்ததை எல்லா நாளும்னு எழுதிட்டேன். என் படிப்பே போயிடும்" என்றாளாம்.

பேராசிரியரின் போன் வீட்டுக்கு வந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். "தினமும் தட்டு வைக்கிறது உண்மைதானா?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்றேன்.

"ஆமா சார். தினமும்தான்" என்றார்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா அண்ணா?" என்றேன்.

"குட்டி நம்ம பொண்ணு, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவா. அந்தப் பொண்ணுக்கு இதை விட்டா என்ன இருக்கு? ஒரு தட்டுதானே விடு."

எடுத்துச் சொல்ல நேரம் கிடைத்தால்தானே? பேராசிரியர் சொல்லிக் கேட்டு அன்றைக்கே குட்டி கூப்பிட்டாள். "அப்ப நான்தான் பொய் சொல்றேனாப்பா?" என்று கேட்டாள். இந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல நின்றார். அவள் வைத்துவிட்டாள். அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

நான் சும்மா இருப்பேனா? அவளைக் கூப்பிட்டு, உன் அப்பா சொன்னது பொய்டி, எனக்குத் தெரியும் என்றேன். "எனக்கும் தெரியும் அத்தை. அதை அவர் அந்த வாத்தியார்கிட்ட தன் வாயால சொல்லட்டும். அன்னைக்கு வர்றேன்" என்றாள். பிடிவாதத்தில் அப்படியே அவள் அப்பா. அண்ணனோ, அந்தப் பொண்ணு பட்டம் வாங்கட்டும் சொல்லிடறேன் என்றார். பட்டம் வாங்கினாள், பரிசும் வாங்கினாள். வேலை கிடைக்கட்டும் என்றார். அதே கல்லூரியில் அதே பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. இப்ப போய்ச் சொன்னா அவ சோத்துல மண்ணைப் போட்ட மாதிரி ஆயிடுமே என்றார். பேனா ஒரு தடவை இனிப்போடு வந்து காலில் விழுந்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை.

பேராசிரியரின் போன் வந்ததே, அன்று சாயங்காலமே அண்ணன் நசுங்கிய தட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்ன இது? யாராவது வந்து சோதனை போடுவாங்கன்னா?"

"இனிமே அது பொய் இல்ல பாரு" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எரிச்சலாக வந்தது எனக்கு.

அப்புறம் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. தட்டு மட்டும் தினமும் வந்தது. அப்பா பேச்சை எடுத்தாலே குட்டி போனை வைத்துவிடுவாள், அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வழியே இல்லை. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தெருவில் ஆட்டோ நின்றால் கை அப்படியே நின்றுவிடும், ஆட்டோ போனதும் மறுபடி சாப்பிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், அப்போதும் வைத்தார். வருஷா வருஷம் பேனாவின் மாணவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு இவர் பாடமாம். தட்டைப் படம் எடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். "உங்க டீச்சரம்மா வீட்டுல நாலு தட்டு இருக்கும், போய் அதை எடு" என்று விரட்டினேன். அண்ணன் அவனைத் திரும்பக் கூப்பிட்டு, தட்டைத் துடைத்து வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். "பத்திரிகையில வந்தா குட்டி பார்ப்பா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒரு சாயங்காலம் தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

பேனாவுக்கு நான் செய்தி சொல்லவில்லை. சொன்னால் வருவாள், வந்தால் பார்ப்பாள், பார்த்தால் எழுதுவாள். குட்டிக்குச் சொன்னேன். வந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து போன பிறகுதான் மேஜையைப் பார்த்தாள். நான் அதைத் தொடவே இல்லை. இரண்டு தட்டும் அப்படியே இருந்தன, நாற்காலி வாசலைப் பார்த்து இருந்தது.

"இது என்ன அத்தை?"

என்ன சொல்வேன்? பூசி மெழுக எனக்கு வராது.

"தினமும் வைப்பார்டி."

"அப்ப... அந்தப் பொண்ணு எழுதினது நிஜமா?"

"எழுதினப்ப பொய். நீ வராம போனியே, அன்னையிலிருந்து நிஜம்."

அவள் நசுங்கிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். "பொய்ன்னு எல்லாருக்கும் தெரியணும்னுதான் அத்தை வராம இருந்தேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். அப்பா அப்பா என்று அவள் கதறியதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். நான் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இருட்டுவதற்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் நாற்காலியை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, தன் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பசிக்குது அத்தை, போடுங்க" என்றாள்.

போட்டேன். அவருடைய தட்டிலும் போடச் சொன்னாள்.