அலமாரிக்கு மட்டும் பூட்டு

திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தின் கிளார்க் அவர். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சாவிக்கொத்து. எழுந்தாலே அலமாரியைப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். உள்ளே இருப்பது குடையும் டிபன் பாக்ஸும்தான்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ அவர் கம்ப்யூட்டரில், அங்கே என் மகளுக்குக் கிடைத்திருந்த சீட்டை ரத்து செய்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பதறி ஓடினேன்.

"பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"பிரவுசர்ல சேவ் பண்ணியிருக்கேங்க, அதுவே போட்டுக்கும். எனக்கே தெரியாததை எவன் திருடுவான்?" என்று சிரித்தார்.

சீட்டைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்தவர், அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. அவர் வரும்வரை நான் காவல் நின்றேன்.

மகள் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இன்னமும் மதியச் சாப்பாட்டு வேளை வந்தால் அவள் சீட் இருக்கிறதா என்று கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்.