மேடைக்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர்

சரணத்தின் நடுவில் என் குரல் இல்லாமல் போனது. வாய் திறந்திருந்தது, காற்று வந்தது, ஒலி வரவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் அம்மன் திருவிழா மேடை அது. எங்கள் பாட்டுக் குழுவை நடத்தும் அண்ணன் சட்டென்று கீபோர்டால் அந்த இடத்தை நிரப்பிவிட்டார். கூட்டம் கவனிக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மா கடலோர ரிசார்ட் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். பி.காம். முடித்து செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்குப் போகிறேன். ஆனாலும் தெருவில் எனக்குப் பெயர் பாட்டுக்காரி. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அலுவலகத்தில் என் நாற்காலியில் நாளைக்கே இன்னொருத்தியை உட்கார வைக்கலாம். குரல் அப்படியில்லை.

அதைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்துவந்தோம். மிளகாய் தாளிக்கும்போது அம்மா என்னை வாசலுக்கு விரட்டுவாள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் எனக்குக் கிடையாது. பையில் எப்போதும் அதிமதுரம். வேனில் போகும்போது காதோடு சேர்த்துக் கழுத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொள்வேன். இவ்வளவுக்குப் பிறகும், குப்பத்திலிருந்து திரும்பிய மறுநாள் குரல் கரகரத்தது. அதற்கடுத்த நாளும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி மேல் ஸ்தாயியைத் தொட்டுப் பார்ப்பேன்.

கடைசியில் அம்மாதான் தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள். கேமராக் குழாய் உள்ளே போனதும் திரையில் இரண்டு வெளுத்த நாடாக்கள் தெரிந்தன, என் குரல் நாண்கள். ஓரங்கள் வீங்கியிருந்தன. இத்தனை கர்வமும் இந்தச் சின்னச் சதையை நம்பியா என்று தோன்றியது.

"இப்படியே பாடினா நாண்ல முடிச்சு விழும். தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார் டாக்டர்.

"வூட்ல சுடுதண்ணி தவுர வேற தொடாதுங்க," என்றாள் அம்மா.

"கச்சேரி அன்னிக்கு?"

கச்சேரி நாளில் மதியத்துக்கு மேல் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன். குழுவில் பாடும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். ஆண்கள் வேனுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். நாங்கள் எங்கே போவது? வறண்ட தொண்டையோடு மூன்று மணி நேரம் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்துதான் குடிப்போம். அதைச் சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "அப்போ வயல்ல நடவுக்குப் போவசொல்ல நாங்க இப்டித்தான் இருந்தோம். நீயுமா?"

குரலுக்கு முழு ஓய்வு என்றார் டாக்டர். கிசுகிசுக்கவும் கூடாது. வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "இது பேசாம கீறதுல வூடு பேங்க் மாதிரி சத்தமில்லாம கீது," என்றார் அப்பா. சிரிக்கக்கூடப் பயந்தேன்.

பேசலாம் என்று ஆனதும் முதலில் குழு அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, இனிமே மேடைகிட்ட பாத்ரூம் இருக்கிற வீடு ஒண்ணு சொல்லி வைங்க. இல்லன்னா நான் வரல."

"இன்னாம்மா, அஞ்சு இஷ்டார் ஓட்டலே கேப்ப போல கீது?"

வேறு பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வாரோ என்று பயந்தாலும் போனை வைக்காமல் நின்றேன்.

"சரி வெய்யி. கோயில் கமிட்டில பேசறேன்."

திருப்போரூர்ப் பக்கம் அடுத்த கச்சேரி. கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி எங்களுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். என்னோடு பாடும் அக்கா வேனிலேயே என் பாட்டிலை வாங்கிப் பாதி காலி செய்திருந்தாள். மேடை ஏறுவதற்குள் இரண்டாவது முறையாக நாங்கள் வாசலில் போய் நின்றதும் அந்த வீட்டு அம்மா கேட்டாள்: "பாட வந்தீங்களா, தண்ணி லாரில வந்தீங்களா?"

குப்பத்தில் பாடிய அதே பாட்டு. சரணம் நெருங்க நெருங்க மைக்கை இறுக்கிப் பிடித்தேன். உச்சம் வந்தது. பழைய வழவழப்பு இல்லை, ஓரத்தில் கொஞ்சம் மணல் இருந்தது. ஆனால் வந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் குனிந்து பாட்டிலை எடுத்தேன். அக்கா வாங்கித் திறந்து கொடுத்தாள்.