பெட்டி நம்பரைக் கடைசியிலிருந்து தேடியது

1. எர்ணாவூர் வரை நின்ற வண்டிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், கேட் ஆபீஸில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். டைப்பிங்கும், மாலை வகுப்பில் கொஞ்சம் சி மொழியும் தெரியும். எங்கள் தேடும் புரோகிராமை எழுதியவர் துபாய் போய்விட்டதால் அதுவும் என் தலையில் விழுந்தது.

ஏஜென்டுகள் பிளாப்பியில் தரும் பெட்டி விவரங்களை ஒரே ஃபைலில் சேர்ப்போம். ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு டைப் செய்திருப்பார்கள். நம்பர் வரியில் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. லாரி வந்ததும் ஃபைல் முழுக்கத் தேட வேண்டும். நம்பர் கிடைத்தால் கேட் பாஸ், கிடைக்காவிட்டால் வண்டி திரும்பிவிடும். ஃபைல் பெருக்கப் பெருக்கத் தேடல் நொண்டியது.

"இன்னாம்மா, உன் கம்பூட்டர் பொட்டி தூங்கிகினு கீதா? எர்ணாவூர் வரிக்கும் வண்டி நிக்குது" என்று ஜன்னலைத் தட்டினார் இறால் ஏற்றி வந்த ஒரு டிரைவர். "உள்ள எறா கீது. கப்பல் பூட்ச்சின்னா நீயா துன்னுவ?"

அன்று மாலை மேனேஜர் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, இந்த வாரம் பாக்குறேன். லைன் குறையலைன்னா டவுன்லேர்ந்து புது புரோகிராமோட ஆளுங்க வர்றாங்க. அவங்களே சீட்லயும் உக்காருவாங்க."

சர்டிபிகேட் இல்லாத எனக்கு வேறு எவன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போடுவான்? இந்த நாற்காலியை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

2. ஜப்பார் பாய் படிக்கும் விதம்

பழைய புரோகிராம் நம்பரின் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஒரே ஒரு எழுத்து நகர்ந்து மறுபடி ஆரம்பிக்கும். எங்கள் பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியுடையவை. நம்பரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் ஒன்றுதான், பிறகு வரும் ஏழு எண்கள்தான் வேறு. நாலும் பொருந்தி, ஐந்தாவதில் தோற்று, திரும்பவும் முதலிலிருந்து.

யார்டு செக்கர் ஜப்பார் பாய் பெட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே நம்பரின் கடைசியை மட்டும் பார்ப்பார். அது ஒத்தால்தான் நின்று முழுதும் படிப்பார். எல்லா செக்கரும் அப்படித்தான்.

"முன்னாடி இன்னாத்துக்கும்மா பாக்கணும்? எல்லாம் ஒரே எழுத்து. வாலப் புட்சா போதும்" என்றார்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தில் இதே மாதிரி ஒரு முறை இருந்தது. படித்து, புரியாமல் மூடி வைத்திருந்தேன். மறுபடி எடுத்தேன். நம்பர் பதினோரு எழுத்து. அதை ஃபைலின் மேல் வைத்து, கடைசி இடத்துக்கு நேரே ஃபைலில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார். அந்த எழுத்து நம்பரிலேயே இல்லையென்றால் பதினோரு இடமும் ஒரே தாவல். இருந்தால், நம்பரில் உள்ள அதே எழுத்து அதற்கு நேராக வரும் அளவு மட்டும் நகர்த்து. கடைசி எழுத்தே ஒத்தால் முழுதும் ஒப்பிடு. எந்த எழுத்துக்கு எவ்வளவு தாவல் என்பதைத் தேடுவதற்கு முன்பே ஓர் அட்டவணையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதி ஓட்டினேன். எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

3. "வேகமா ஓடுதுல்ல, போடு"

மேனேஜருக்கு ஒரே குஷி. "வேகமா ஓடுதுல்ல, போடு!"

"நாளைக்குப் போடுறேன் சார்."

"வெளிய லைன் நிக்குது. இன்னும் என்ன?"

"யார்டுல நிக்கிற எல்லாப் பெட்டியையும் பழைய புரோகிராம்லயும் புதுசுலயும் தேடிப் பாக்கணும் சார். ரெண்டும் ஒரே பதில் சொல்லணும்."

"உனக்குப் பயம்" என்றார். ஆமாம், பயம்தான். கேஸை அணைத்தேனா என்று வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். ஆனாலும் புது புரோகிராம் இருந்த பிளாப்பியைக் கையைவிட்டுக் கொடுக்கவில்லை.

பெரும்பாலும் ஒத்துப்போனது. சில பெட்டிகளை மட்டும் பழையது 'உண்டு' என்றது, புதியது 'இல்லை' என்றது. எறா ஏற்றும் குளிர்பெட்டியும் அதில் ஒன்று. அந்த நம்பர்களை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏதோ ஓர் எண் இரண்டு முறை வந்தது.

அங்கேதான் கோளாறு. நம்பரில் இரண்டு நாலு இருந்தால், கடைசிக்குப் பக்கத்தில் உள்ள நாலுக்குத்தான் தாவலைக் கணக்கிட வேண்டும். நான் தூரத்து நாலுக்குக் கணக்கிட்டிருந்தேன். தாவல் நீண்டு, தேடிய பெட்டியையே தாண்டிப் போனது. அட்டவணையில் சின்ன தாவலே நிற்கும்படி மாற்றி, எல்லாப் பெட்டிகளையும் முதலிலிருந்து திரும்ப ஓட்டினேன். இந்த முறை ஒரு பெட்டிக்குக்கூட இரண்டின் பதிலும் மாறவில்லை.

அதற்குப் பிறகே கேட்டில் போட்டேன். மதியத்துக்குள் ரோடு காலி. டவுன் ஆட்களுக்கு மேனேஜர் போன் போட்டு வரவேண்டாம் என்றது என் காதிலும் விழுந்தது.

அடுத்த நடைக்கு வந்த அந்த எறா டிரைவர் பாஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குள்ளயா? ஒழுங்கா பாத்தியாம்மா?"

"பாத்துட்டேண்ணா. மெதுவாவும் பாத்துட்டேன்."

இப்போது புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேகமான வழி எழுதியதும் மெதுவான வழியை அழித்துவிடாதீர்கள். வேகமானது பொய் சொன்னால் காட்டிக்கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும். பயமாக இருந்தால் அந்தப் பயத்தையும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.