ஆறு மணிக்குத் திறந்த பால்வாடி

கெசியா டீச்சருக்குப் பால்வாடியில் பதினோரு வருஷ சர்வீஸ். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, நெல்லும் வாழையுமாகக் கிடக்கும் ஒரு சின்ன ஊர். புருஷன் ஜாஸ்பர் பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அரசாங்கம் பால்வாடிக்கு வைத்த நேரம் காலை பத்து முதல் மாலை நாலு வரை. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ! அந்த ஊர்ப் பெண்கள் ஆறு மணிக்கே வயலில் இறங்கிவிடுவார்கள், இரண்டு மணிக்குத்தான் கரையேறுவார்கள். பத்து மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவிட எவள் வருவாள்? அதனால் கெசியா சேர்ந்த இரண்டாம் மாதமே தானாக நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஆறுக்குத் திறப்பாள், இரண்டுக்குப் பூட்டுவாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள். புளியங்கொட்டை எண்ண, மணலில் வீடு கட்ட, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்ல என்று பழக்கினாள். பாட்டுக்கு நடுவே எவனுக்காவது மூக்கு ஒழுகினால் முந்தானையால் துடைத்துவிட்டு, விட்ட அடியிலிருந்து தொடர்வாள். பதிவேட்டில் மட்டும் பத்து, நாலு என்று எழுதினாள். அந்தப் பொய் அவளை ஒரு நாளும் உறுத்தியதில்லை.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில், பிசானப் பருவத்து நெல் நடுகை தொடங்கிய வாரம், புது மேற்பார்வையாளர் அம்மா மூன்று மணிக்கு வந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. பால்வாடிகளின் தரத்தை உயர்த்தச் சொல்லி மேலிருந்து வந்த உத்தரவு அவள் பையில் இருந்தது. வீட்டிலிருந்து ஓடிவந்த கெசியா அழாத குறையாக விளக்கினாள்.

"நீங்க சொல்லுதது புரியுது டீச்சர். ஆனா பத்துக்கு நாலுன்னா பத்துக்கு நாலுதான். இன்னொரு தடவ பூட்டிக் கிடந்தா வேல போயிரும்."

கெசியா நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மேலே ஒரு மனு எழுதிப்போட்டாள். மறுநாள் முதல் பத்து மணிக்குத் திறந்தாள்.

நடுகைக்குப் போகும் இசக்கியம்மா, இரண்டரை வயது மகள் பேச்சியை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆறு மணிக்கு இவள எங்கன விட்டுட்டுப் போவ, டீச்சர்?"

"ஒரு மாசம் பொறு தாயி. மனு குடுத்திருக்கேன்."

"ஒரு மாசத்துல நடுகையே முடிஞ்சிரும்லா."

கெசியாவுக்கு ஜாஸ்பரின் மாத்திரைகள்தான் நினைவுக்கு வந்தன.

எல்லாப் பெண்களையும் போல இசக்கியம்மாவும் பிள்ளையைப் பழைய சேலையால் வரப்போரத்து வாழையில் கட்டிப்போட்டு நாற்று நட்டாள். பன்னிரண்டாம் நாள் முடிச்சு நெகிழ்ந்துவிட்டது. வரப்பை ஒட்டிய வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர்தான். இரண்டரை வயசுக்கு அது போதாதா, பாவி மகளுக்கு!

செய்தி வந்தபோது மணி எட்டு. கெசியா வீட்டில் பத்து மணிக்காகக் காத்திருந்தாள். பிள்ளையைக் கொன்றது தான்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. யார் என்ன சொல்லியும் அவள் மனசு கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து, வேலை போனால் போகட்டும் என்று விடிய ஆறு மணிக்குப் பால்வாடியைத் திறந்து வாசலில் நின்றாள். பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு வந்தார்கள். அவளைப் பார்த்தார்கள், நிற்காமல் போனார்கள். கடைசியில் இசக்கியம்மா வெறும் கையோடு வந்தாள்.

"திறந்துட்டேன் இசக்கி. பிள்ளைகள விட்டுட்டுப் போகச் சொல்லேன்."

"இன்னைக்குத் திறந்திருக்கிய, சரி. நாளைக்கு அந்த அம்மா வந்து சொன்னா பூட்டிருவியல்லா டீச்சர்?"

திட்டியிருந்தாலாவது கெசியா அவள் காலில் விழுந்திருப்பாள். இசக்கியம்மா பைய நடந்து வயலுக்குப் போய்விட்டாள். கெசியா பத்து மணி வரை வாசலிலேயே நின்றாள். ஒரு பிள்ளைகூட வரவில்லை.